பழைய வண்டியும் புது விசிறியும்

கத்திரி வெயில் வந்துவிட்டால் சென்னைவாசிகள் தத்தம் நிலைமைக்கேற்ப ஒரு பரிகாரம் தேடிக்கொள்கிறார்கள். சிலர் கொடைக்கானலுக்குப் போகிறார்கள். பலர் நீர்மோருக்குப் போகிறார்கள். இவ்விரண்டுக்கும் வகையில்லாத ஜீவன் ஒன்று உண்டு. வீட்டு வாசலில் நிற்கும் பழைய மோட்டார் வண்டிதான் அது. வெயில் பொறுக்க முடியாமற் போனால், அது யாரிடமும் முறையிடுவதில்லை. நாற்சந்தியின் மத்தியில் நின்று, முகப்பிலிருந்து ஆவியைக் கக்கி, ஊரறியத் தன் குறையைத் தெரிவித்துவிடுகிறது. பின்னால் நிற்கும் வண்டிகளோ ஊதுகுழலை அழுத்தி அதற்கு ஆறுதல் கூறுகின்றன!

ஆதம்பாக்கத்திலிருந்து நேயர் ஒருவர் இதுபற்றி எழுதியிருக்கிறார். அவருடைய தகப்பனார் 1966-இல் வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு வண்டி இன்னும் அவர்கள் வீட்டில் இருக்கிறதாம். விடியற்காலையில் மயிலாப்பூர்க் கோயிலுக்குப் போய் வந்தால் வெகு சமர்த்தாக இருக்கிறது. அதே வண்டி மாலை ஆறு மணிக்குக் கத்திப்பாராவை நெருங்கினால் கொதித்துப் போகிறது. "மின்சார விசிறி ஒன்று வைத்துவிட்டால் சரியாய்விடும்" என்கிறார் மெக்கானிக். "ஐம்பது வருஷமாக இல்லாத விசிறி இப்போது எதற்கு? வண்டியைக் கெடுக்காதே!" என்கிறார் தகப்பனார். இருவரில் யார் சொல்வதைக் கேட்பது என்பது நேயரின் கேள்வி.

இருவர் கட்சியிலும் நியாயம் இருக்கிறது. மெக்கானிக் இன்றைய ரஸ்தாவை அறிந்து பேசுகிறார். தகப்பனார் அன்றைய வண்டியை அறிந்து பேசுகிறார். இவ்விரண்டு அறிவும் ஒன்று சேர்ந்தால்தான் காரியம் கைகூடும். அதை விளக்குவதற்கு முன்னால், அந்த வண்டியின் பூர்வோத்தரத்தைச் சிறிது சொல்லுவது அவசியம்.

சென்னையில் பிறந்த வண்டி

ஹெரால்டு வண்டியின் தாய்வீடு இங்கிலாந்து தேசத்தின் கவென்ட்ரி நகரம். இத்தாலியச் சிற்பியான ஜியோவன்னி மைக்கலாட்டி அதன் உருவத்தை வரைந்தார். 1959-இல் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயருடன் அது அங்கே வெளிவந்தது. 1961 முதல் நம் சென்னையிலேயே, ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனியார் வண்டலூரை அடுத்த பெருங்களத்தூரில் இதைத் தயாரிக்கலானார்கள். ஆரம்பத்தில் பாகங்கள் பலவும் கடல் கடந்து வந்தன. வருஷம் ஏற ஏற, உள்நாட்டுப் பாகங்களின் விகிதமும் ஏறிக்கொண்டே வந்தது. நான்கு கதவுள்ள ஹெரால்டை இங்கிலாந்துக்காரர்கள் செய்யவே இல்லை; அதைச் செய்தவர்கள் சென்னைக்காரர்கள்தான். பின்னர் 1972-இல் 'கஸல்' என்ற பெயரில் ஒரு வண்டி வந்தது. 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய வண்டியும் வந்தது. ஆனால் அது நீடித்து நிலைக்கவில்லை. சில வருஷங்களுக்குள் தொழிற்சாலையின் கதவுகளே மூடப்பட்டுவிட்டன.

உத்தரபாராவில் பிறந்த அம்பாஸடருக்கும் பம்பாய்க் குர்லாவில் பிறந்த பத்மினிக்கும் தேசமெங்கும் உறவினர்கள் உண்டு. ஹெரால்டோ நம் ஊர்க் குழந்தை. புதிய பாகங்களைச் செய்து கொடுக்கப் பிறந்த வீடு இப்போது இல்லை. ஆகையால் கொதிப்பு மிகுந்து, எஞ்சினின் தலைப்பாகம் வளைந்தோ வெடித்தோ போனால், அதற்கு மாற்றுத் தேடுவது எளிதன்று. பல குடும்பங்களில் இத்தகைய வண்டி பழைய இரும்புக் கடைக்குப் போனதற்குக் காரணம் வயோதிகமன்று. ஒரே ஒரு நாளைய கொதிப்புத்தான். விசிறியைப் பற்றிய இந்தச் சிறிய கேள்வியில் அடங்கியிருக்கும் பெரிய விஷயம் இதுவே.

அடுப்பும் அதன் உஷ்ணமும்

மோட்டார் எஞ்சின் என்பது ஓர் அடுப்பு. அதில் எரியும் பெட்ரோலின் உஷ்ணத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுழற்றும் வேலையாக மாறுகிறது. மற்றொரு பங்கு புகைக்குழாய் வழியாக வெளியேறுகிறது. மீதமுள்ள பங்கு எஞ்சினின் இரும்பில் ஏறுகிறது. அதை உடனுக்குடன் வெளியேற்றாவிட்டால் பிஸ்டன்கள் உருளைகளில் இறுகிப் போகும். எனவே இரும்பைச் சுற்றித் தண்ணீரை ஓடவிடுகிறோம். தண்ணீர் உஷ்ணத்தை வாங்கிக்கொண்டு ரேடியேட்டருக்கு வருகிறது. அங்கே மெல்லிய குழாய்களில் இறங்கும்போது, அவற்றைத் தழுவிச் செல்லும் காற்றிடம் உஷ்ணத்தை ஒப்படைத்துவிட்டு மீண்டும் எஞ்சினுக்குப் போகிறது.

இந்தக் காற்று எங்கிருந்து வருகிறது? வண்டி வேகமாக ஓடும்போது தானாகவே வந்து மோதுகிறது; விசிறிக்கு அப்போது வேலையே இல்லை. வண்டி நிற்கும்போதோ ஊர்ந்து போகும்போதோதான் விசிறியை நம்ப வேண்டியிருக்கிறது. பழைய வண்டிகளில் அந்த விசிறி எஞ்சினோடு பிணைக்கப்பட்டிருக்கும். அம்பாஸடரில் பெல்ட்டின் மூலம் தண்ணீர்ப் பம்போடு சேர்ந்து சுழலும். ஹெரால்டிலோ எஞ்சினின் முதுகெலும்பாகிய கிராங்க் ஷாப்டின் நுனியிலேயே விசிறி முடுக்கப்பட்டிருக்கிறது. எஞ்சின் எத்தனை சுற்றுச் சுற்றுகிறதோ, விசிறியும் அத்தனை சுற்றுத்தான். ஒன்று கூடாது, ஒன்று குறையாது.

இதில் ஒரு விபரீதம் இருக்கிறது, பாருங்கள்! நெடுஞ்சாலையில் வண்டி பறக்கும்போது விசிறி நிமிஷத்துக்கு மூவாயிரம் சுற்று சுற்றுகிறது. அங்கே அது தேவையே இல்லை. சிவப்பு விளக்குக்கு முன்னால் வண்டி நிற்கும்போது எழுநூறு, எண்ணூறு சுற்றோடு அசைந்துகொண்டிருக்கிறது. அங்கேதான் காற்றுக்குத் தவிப்பு. கல்யாணத்துக்கு முதல்நாள் ஓடியாடிவிட்டு, முகூர்த்த வேளையில் திண்ணையில் படுத்துத் தூங்கும் உறவினருக்கும் இந்த விசிறிக்கும் அதிக வித்தியாசமில்லை. அதுமட்டுமல்ல, விசிறியின் வேகம் இரட்டித்தால் அதைச் சுழற்றத் தேவையான சக்தி எட்டு மடங்காகும் என்பது யந்திர சாஸ்திரம் கூறும் உண்மை. ஆகவே நெடுஞ்சாலையில் இந்த வீண் உழைப்புக்காகப் பெட்ரோலும் செலவாகிறது.

அப்படியானால் கவென்ட்ரி நிபுணர்கள் இதை அறியாதவர்களா? நன்றாக அறிந்தவர்கள்தான். அவர்கள் வாழ்ந்த ஊரையும், அவர்கள் காலத்து ரஸ்தாவையும் மனத்தில் வைத்துச் செய்தார்கள். ரேடியேட்டர் காற்றுக்குக் கொடுக்கக் கூடிய உஷ்ணம், தண்ணீருக்கும் காற்றுக்கும் உள்ள உஷ்ண வித்தியாசத்தைப் பொறுத்தது. தண்ணீர் 90 டிகிரி, காற்று 20 டிகிரி என்றால் வித்தியாசம் 70. நம் ஊரில் காற்று 40 டிகிரி என்றால் வித்தியாசம் 50 தான். அதாவது, அதே ரேடியேட்டர் இங்கே ஏழில் ஐந்து பங்கு வேலைதான் செய்யும். 2003-ஆம் வருஷம் மே மாதம் 31-ஆம் தேதி நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானதை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

இருந்தாலும் 1966-இல் இதே வெயிலில் இதே ஹெரால்டு கொதிக்காமல் ஓடியதே என்று தகப்பனார் கேட்பார். வாஸ்தவம். வெயில் அன்றும் இருந்தது, நெரிசல் இல்லை. 1961-ஆம் வருஷத்து ஜனக்கணிதப்படி சென்னை நகர எல்லைக்குள் சுமார் 17 லட்சம் பேர் வசித்தார்கள். 2011-ஆம் வருஷத்துக் கணக்கில் அது 46 லட்சத்தைத் தாண்டிவிட்டது. அதே வருஷத்தில் ஆலந்தூர் நகராட்சி சென்னை மாநகராட்சியோடு இணைந்தபோது, ஆதம்பாக்கமும் நகரத்துக்குள் வந்து சேர்ந்தது. பல்லாவரத்திலிருந்து கிண்டிவரையில் தடையின்றி ஓடிய வண்டி, இப்போது அதே தூரத்தை நின்று நின்று கடக்கிறது. முன்னால் நிற்கும் பஸ் தன் புகையின் உஷ்ணத்தை நம் ரேடியேட்டருக்கு நேரே அனுப்புகிறது. குளிர்சாதனம் பூண்ட புதிய வண்டிகள் தங்கள் உள்ளே இருந்த வெப்பத்தை வெளியே தள்ளி, அதையும் நமக்குத் தானம் செய்கின்றன. வண்டி மாறவில்லை, ரஸ்தா மாறிவிட்டது. ஆகவே மெக்கானிக் கூறுவது சரிதான். எஞ்சின் மெதுவாகச் சுற்றினாலும் தான் முழு வேகத்தில் சுற்றக்கூடிய விசிறி ஒன்று தேவைதான்.

முதலில் நோயைப் பார்க்கவேண்டும்

ஆனால் சற்றுப் பொறுங்கள். தலைவலி என்று வந்தவருக்கெல்லாம் மூக்குக் கண்ணாடி எழுதிக் கொடுக்கும் வைத்தியரைப் போல, கொதிக்கும் வண்டிக்கெல்லாம் மின்விசிறி வைப்பது முறையாகாது. முதலில் ஒரு சோதனை செய்ய வேண்டும். அதற்குப் பணச் செலவு ஒன்றுமில்லை.

வண்டி எப்போது கொதிக்கிறது என்று கவனியுங்கள். நெரிசலில் நிற்கும்போது மட்டும் கொதித்து, திறந்த ரஸ்தாவில் ஓட ஆரம்பித்ததும் முள் இறங்கிவிட்டால், குறை காற்றில் இருக்கிறது, மின்விசிறி பயன்படும். அப்படியின்றி, செங்கற்பட்டு ரஸ்தாவில் ஐம்பது மைல் வேகத்தில் போகும்போதே கொதித்தால், காற்றுக்குக் குறைவில்லை. தண்ணீர் ஓட்டத்திலோ, ரேடியேட்டரிலோ, எஞ்சினிலோ நோய் இருக்கிறது. அந்த நோய்க்கு ஒன்றல்ல, ஒன்பது விசிறி வைத்தாலும் குணமாகாது. நோயை மூடிமறைத்து, ஒரு நாள் பெரிய விபத்தில் கொண்டுபோய் விடும்.

நோய்களில் முதன்மையானது உப்பு. வீட்டில் வெந்நீர் போடும் அண்டாவின் அடிப்புறத்தைப் பெண்மணிகள் பார்த்திருப்பார்கள். கிணற்று நீரும் ஆழ்குழாய் நீரும் கொதிக்கக் கொதிக்க வெள்ளையாக ஒரு காரை படிந்து இறுகிவிடுகிறது. அப்புறம் விறகு இரட்டிப்பாக எரிந்தாலும் வெந்நீர் சீக்கிரம் காய்வதில்லை. அதே காரைதான் எஞ்சினுக்குள்ளும், ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் வருஷக்கணக்காகப் படிகிறது. ஐம்பது வருஷம் குழாய்த் தண்ணீரையே குடித்த வண்டியில் பாதிக் குழாய்கள் அடைபட்டிருந்தால் ஆச்சரியப்படுவதற்கில்லை. அனுபவமுள்ள ரேடியேட்டர்க்காரர் மேல் தொட்டியையும் கீழ்த் தொட்டியையும் பிரித்துக் குழாய்களில் கம்பி விட்டுச் சுத்தம் செய்து, மீண்டும் பற்றவைத்துக் கொடுப்பார். அதன்பின் காய்ச்சி வடித்த ஜலத்தையே ஊற்ற வேண்டும். கூலண்டு என்னும் திரவத்தையும் அளவோடு சேர்க்க வேண்டும். நம் ஊரில் தண்ணீர் உறைந்துவிடும் என்ற பயம் இல்லை. ஆயினும் துருப்பிடிப்பதைத் தடுக்கும் மருந்து அதில் இருக்கிறது. அதற்காகவே அது வேண்டும்.

இரண்டாவது, தெர்மோஸ்டாட் என்னும் சிறு கதவு. தண்ணீர் சுமார் 82 டிகிரிக்குக் காய்ந்த பிறகுதான் அது திறந்து, ரேடியேட்டருக்கு வழிவிடுகிறது. "நம் ஊர் வெயிலுக்கு இது வேண்டாம்" என்று அதைக் கழற்றி எறிவது நம் மெக்கானிக்குகளின் நெடுநாள் வழக்கம். இதனால் அதிக நன்மை இல்லை. நெரிசலில் வண்டி தவிக்கும் வேளையில் அந்தக் கதவு முழுவதும் திறந்தேதான் இருக்கும். கழற்றியதால் கிடைத்த லாபம் சொற்பமே. காலை வேளையிலோ எஞ்சின் நெடுநேரம் காயாமல் ஓடி, வீணாகத் தேய்ந்துபோகும். கழற்றுவதை விட, அது வேலை செய்கிறதா என்று பார்ப்பதே நல்லது. சமையலறையில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் காய்ச்சி, தெர்மோஸ்டாட்டைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, உஷ்ணமானியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்த டிகிரியில் திறக்கிறது என்று கண்ணாலேயே தெரிந்துவிடும். பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்தால், பெளதிகப் பாடம் ஒன்றும் இலவசமாக நடந்துவிடும்.

மூன்றாவது, ரேடியேட்டர் மூடி. அதைச் சாதாரண மூடி என்று நினைக்கக் கூடாது. உள்ளே அழுத்தத்தைக் காப்பது அதன் வேலை. சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் இருந்தால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் சுமார் 110 டிகிரி வரையில் தாக்குப்பிடிக்கும். மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தால் அந்தப் பத்து டிகிரிப் பாதுகாப்பும் போய்விடும். அத்துடன் தீப்பொறி விழும் நேரம் பிந்தியிருந்தாலும், பம்பைச் சுழற்றும் பெல்ட் தளர்ந்திருந்தாலும், பிரேக் முழுவதும் விடுபடாமல் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாலும் எஞ்சின் சூடேறும். இவற்றையும் பார்த்துவிட வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வண்டி கொதித்து நின்றதும் மூடியைத் திறக்க ஓடாதீர்கள். அழுத்தம் நீங்கியவுடன் உள்ளே இருக்கும் ஜலம் அவ்வளவும் ஒரே கணத்தில் கொதித்து முகத்தில் பாயும். அரைமணி நேரமாவது காத்திருந்து, தடித்த துணியைப் போட்டுச் சிறிது சிறிதாகத் திருப்ப வேண்டும். காய்ந்திருக்கும் எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றுவதும் ஆபத்து. வார்ப்பிரும்பு வெடித்துவிடக் கூடும். இந்த இரண்டு அவசரங்களால் மனிதருக்கும் வண்டிக்கும் நேர்ந்த கேடு கொஞ்சநஞ்சமல்ல.

விசிறியை எங்கே வைப்பது?

நோய்கள் தீர்ந்தும் நெரிசலில் மட்டும் முள் ஏறுமானால், இப்போது விசிறியைப் பற்றி யோசிக்கலாம். இங்கிலாந்தில் கென்லோ என்னும் பெயருள்ள மின்விசிறிகள் பழைய வண்டிக்காரர்களிடையே வெகுகாலமாகப் பிரசித்தம். நம் நாட்டில் மாருதி 800 போன்ற வண்டிகள் வந்தபோது மின்விசிறி எல்லோருக்கும் அறிமுகமாயிற்று. எஞ்சினைக் குறுக்காக வைத்ததால், கிராங்க் ஷாப்டு ரேடியேட்டரை நோக்கி நிற்கவில்லை. விசிறியை வேறு வழியில் சுழற்றுவது அவசியமாகிவிட்டது. புதிய விசிறி வேண்டுவோர் ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டுக் கடைகளிலும், பழையது போதும் என்போர் புதுப்பேட்டையிலும் தேடிக்கொள்ளலாம்.

விசிறியை ரேடியேட்டருக்குப் பின்னால் வைத்தால் காற்றை இழுக்கும். முன்னால் வைத்தால் காற்றைத் தள்ளும். இழுப்பதே சிலாக்கியம். ஆனால் ஹெரால்டில் பின்பக்கத்தில் பழைய விசிறி இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. அதைக் கழற்றாமல் காரியம் செய்யவேண்டுமானால் முன்னால்தான் வைக்கவேண்டும். முன்மூடி முழுவதும் முன்புறமாகச் சாய்ந்து திறப்பதால் ஹெரால்டில் இந்த வேலை மிகவும் சுலபம். அம்பாஸடரில் குனிந்து முதுகு வலிக்கச் செய்ய வேண்டியதை, ஹெரால்டில் முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டே செய்துவிடலாம்.

இழுப்பதற்காகச் செய்த விசிறியை வாங்கி முன்னால் வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மின்கம்பிகளை மாற்றிக் கொடுத்தால் மோட்டார் எதிர்த்திசையில் சுழலும் என்பது உண்மையே. ஆனால் இலைகளின் வளைவு பழைய திசைக்கு ஏற்றபடியே இருக்கும்; காற்று பாதிதான் வரும். ஆகையால் தள்ளுவதற்கென்றே செய்த விசிறியைக் கேட்டு வாங்குவது உத்தமம். வைத்த பிறகு செய்தித்தாள் துண்டு ஒன்றை முன்னால் பிடித்துப் பாருங்கள். காகிதம் விசிறியை நோக்கி இழுபட்டால் சரி. நம் முகத்தை நோக்கிப் பறந்தால், ஓடும் வண்டியில் வெளிக்காற்றும் விசிறிக் காற்றும் ஒன்றோடொன்று மல்யுத்தம் செய்துகொண்டிருக்கும்.

விசிறியை நிறுத்தும் விதத்தில் பலர் தவறு செய்கிறார்கள். ரேடியேட்டரின் தகடுகளுக்கிடையே பிளாஸ்டிக் நாடாக்களைச் செருகி இறுக்கிவிடுவது ஒரு வழி. அரைமணியில் வேலை முடிந்துவிடும். ஆனால் வண்டியின் அதிர்ச்சியில் நாடாக்கள் மெல்லிய குழாய்களை உரசி உரசி, சில மாதங்களில் ஓட்டையாக்கிவிடும். இரண்டு இரும்புப் பட்டைகளை அளவெடுத்து வளைத்து, ரேடியேட்டரைப் பிடித்திருக்கும் மரைகளிலேயே அவற்றையும் முடுக்கி, பட்டைகளின் மேல் விசிறியை நிறுத்துவதுதான் முறை. விசிறிக்கும் தகடுகளுக்கும் நடுவே சிறிது இடைவெளி இருக்க வேண்டும். விசிறியைச் சுற்றி ஒரு வளையக் கூண்டு இருந்தால் காற்று பக்கங்களில் சிதறாமல் உள்ளே போகும்.

மின்சாரக் கணக்கு

இனி, எல்லோரும் மறந்துபோகும் விஷயத்துக்கு வருகிறோம். விசிறிக்கு மின்சாரம் எங்கிருந்து வரும்?

அக்காலத்து வண்டிகளில் மின்சாரம் செய்வது டைனமோ. ஹெரால்டு போன்ற வண்டிகளில் இருந்த லூகாஸ் டைனமோவின் உச்சசக்தி சுமார் 22 ஆம்பியர். அதையும் எஞ்சின் நல்ல வேகத்தில் ஓடும்போதுதான் எதிர்பார்க்கலாம். சிவப்பு விளக்கில் நிற்கும்போது டைனமோ கொடுப்பது மிகவும் அற்பம். பாட்டரியிலிருந்தே எல்லாம் போகவேண்டும். மழைக்கால இரவு ஒன்றில் செலவுக் கணக்கைப் பாருங்கள். முன்விளக்குகளுக்குச் சுமார் 10 ஆம்பியர், மற்றச் சிறு விளக்குகளுக்கு 2, தீப்பொறிக்கு 3, கண்ணாடி துடைப்பானுக்கு 3, விசிறிக்குக் குறைந்தது 8 முதல் 10. மொத்தம் 26-க்கு மேல் போய்விட்டது. வருமானமோ 22! கடன் வாங்கிக் கல்யாணம் செய்த கதைதான். வேளச்சேரி வெள்ளத்தில் நிற்கும்போது பாட்டரி கைவிரித்துவிட்டால், வண்டி கொதிக்காது என்பது நிச்சயம், நகரவும் செய்யாது.

இதற்கு மூன்று உபாயங்கள் உண்டு. முதலாவது, மின்சாரம் அதிகம் குடிக்காத சிறிய விசிறியைத் தேர்ந்தெடுப்பது. பழைய விசிறியும் கூடவே சுழல்வதால் சிறிய விசிறியே பெரும்பாலும் போதும். இரண்டாவது, விசிறி எந்நேரமும் ஓடாமல், தேவையானபோது மட்டும் ஓடும்படி உஷ்ணத்தால் இயங்கும் சுவிட்சு ஒன்றை வைப்பது. தெர்மோஸ்டாட் 82 டிகிரியில் திறக்குமானால், விசிறி 90 டிகிரி அளவில் ஆரம்பித்து 85 டிகிரி அளவில் நிற்க வேண்டும். 80 டிகிரிக்கு இறங்கினால்தான் நிற்கும்படி வைத்துவிட்டால் விசிறிக்கு ஓய்வே இராது. மூன்றாவது, டைனமோவுக்குப் பதிலாக ஆல்டர்னேட்டர் வைப்பது. அது எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போதும் போதிய மின்சாரம் தரும். ஆனால் அதையும் கழற்றி மீண்டும் டைனமோவை வைக்கக் கூடியவாறு செய்ய வேண்டும். முதலிரண்டு உபாயங்களிலேயே காரியம் முடிந்தால் இதற்குப் போகவேண்டாம்.

கம்பி இழுக்கும் வேலையில் சிக்கனம் கூடாது. பெட்டிக்குள் இருக்கும் சிறு சுவிட்சு வழியாக விசிறியின் மின்சாரம் அவ்வளவையும் ஓட்டினால் சுவிட்சு கருகிவிடும். ஐம்பது வருஷப் பழைய கம்பிகளிலிருந்து கிளை எடுத்தால் கம்பியே தீப்பற்றக் கூடும். பாட்டரியிலிருந்து தடித்த புதுக் கம்பி; பாட்டரிக்கு அருகிலேயே ஒரு ப்யூஸ்; பிறகு ரிலே; அதற்குப் பிறகு விசிறி: இதுவே வரிசை. ரிலே என்பது யானைப்பாகனைப் போன்றது. சிறு அங்குசத்தால் பெரிய யானையை நடத்துவதுபோல், சாவியிலிருந்து வரும் சிறு மின்சாரத்தைக் கொண்டு பெரிய மின்சாரத்தைத் திறக்கும், மூடும். சாவியைத் திருப்பினால்தான் ரிலே வேலைசெய்யும்படி இணைத்துவிட்டால், வண்டியை நிறுத்திவிட்டுப் போன பிறகு விசிறி தனியே ஓடிப் பாட்டரியைத் தீர்த்துவிடாது.

இன்னொரு நுட்பம். பழைய ஆங்கில வண்டிகள் பலவற்றில் பாட்டரியின் நேர்முனையை வண்டியின் இரும்போடு இணைத்திருப்பார்கள். இப்போதைய வண்டிகளிலோ எதிர்முனையே இரும்போடு சேர்கிறது. உங்கள் வண்டியில் எது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். வெறும் மோட்டாருக்கும் ரிலேவுக்கும் இரண்டும் சம்மதமே. விசிறி சுழலும் திசையை மட்டும் சரிபார்த்துக்கொண்டால் போதும். ஆனால் மின்னணுச் சாதனம் பொருந்திய உஷ்ணச் சுவிட்சைத் தலைகீழாக இணைத்தால், அந்தக் கணமே அது உயிரை விட்டுவிடும்.

தகப்பனார் கட்சி

இவ்வளவும் மெக்கானிக் கட்சிக்காகச் சொன்னோம். இனித் தகப்பனார் கட்சிக்கு வருவோம். "வண்டியைக் கெடுக்காதே" என்ற சொல்லில் ஆழ்ந்த உண்மை இருக்கிறது. விசிறி வைக்கிறேன் என்று ஆரம்பித்து, ரேடியேட்டரை மாற்றி, முன்புறச் சட்டத்தை அறுத்து, பழைய விசிறியைப் பழைய இரும்புக்குப் போட்டு, கடைசியில் ஹெரால்டா மாருதியா என்று தெரியாத ஒரு வண்டியில் முடித்தவர்கள் உண்டு.

2021-ஆம் வருஷத்தில் இந்திய சர்க்கார் பழம்பெரும் வாகனங்களுக்கென்று தனி விதிகள் வெளியிட்டார்கள். ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்டதாகவும், ஆதி உருவம் மாறாமல் காக்கப்பட்டதாகவும், சட்டத்திலும் உடலிலும் எஞ்சினிலும் பெரும் மாறுதல் செய்யப்படாததாகவும் உள்ள வண்டிகளுக்கு அந்த விதிகள் தனிப் பதிவெண் வகுத்திருக்கின்றன. அப்படிப் பதிவு செய்த வண்டியைத் தினசரிப் போக்குவரத்துக்கு ஓட்டக் கூடாது என்ற நிபந்தனையும் உண்டு. பதிவு செய்துகொள்வதும் கொள்ளாததும் அவரவர் சௌகரியம். ஆனால் அந்த விதியின் பின்னே உள்ள கருத்து எல்லோருக்கும் பொருந்தும். பழைய பொருளுக்கு மதிப்பு அதன் பழைமையில் இருக்கிறது. அதை அழித்துவிட்டு அதைக் காப்பாற்றினோம் என்று சொல்லிக்கொள்வதில் அர்த்தமில்லை.

ஆகையால் நாம் சொல்லும் தீர்ப்பு இது: விசிறி வைக்கலாம், வைத்த சுவடு இல்லாமல் கழற்றக் கூடியதாக வைக்கவேண்டும். சட்டத்தில் ஒரு துளைகூடப் போட வேண்டாம். ஏற்கெனவே உள்ள மரைகளையும் துளைகளையும் பயன்படுத்துங்கள். பழைய கம்பிக் கட்டைத் தொடாமல் புதுக் கம்பியைத் தனியே கொண்டுபோங்கள். பழைய விசிறியை அதன் இடத்திலேயே விட்டுவிடுங்கள். இடநெருக்கடியால் அதைக் கழற்றத்தான் வேண்டுமென்றால், மரைகளோடு எண்ணெய் தடவித் துணியில் சுற்றி, சீட்டு எழுதிக் கட்டி, பரண்மேல் வையுங்கள். பேரன் ஒருவன் பிற்காலத்தில் அதைத் தேடக்கூடும். சங்கத்தார் நடத்தும் அணிவகுப்புக்கு வண்டியைக் கொண்டுபோக விரும்பினால், ஒரு மணி நேரத்தில் நான்கு மரைகளைக் கழற்றி விசிறியை எடுத்துவிட்டு, பிறந்த கோலத்தில் வண்டியை நிறுத்தலாம்.

கோயம்புத்தூரில் 2015 முதல் ஜி. டி. நாயுடு அவர்களின் பெயரால் விளங்கும் மோட்டார்க் காட்சிசாலை இருக்கிறது. சென்னை வடபழனியில் ஏ.வி.எம். ஸ்டூடியோவில் 2023-இல் பழைய வண்டிகளும் சினிமாச் சாதனங்களும் நிறைந்த காட்சிசாலை திறக்கப்பட்டது. இவை போற்றத்தக்க முயற்சிகள். ஆனால் கயிற்றுக்கு அப்பால் நிற்கும் வண்டி ஒரு சித்திரம் போலத்தான். ரஸ்தாவில் ஓடும் வண்டிக்குத்தான் உயிர் உண்டு. பெருங்களத்தூரில் கை தேர்ந்த தொழிலாளர்கள் உருவாக்கிய ஒரு யந்திரம், அறுபது வருஷத்துக்குப் பிறகு, அதே சென்னையின் வீதிகளில், தன் சொந்த எஞ்சினோடு ஓடுகிறது என்றால், அது அந்தத் தொழிலாளர்களுக்கு நாம் செய்யும் மரியாதையாகும்.

மின்விசிறி சுதேசி வண்டிக்கு அந்நியமான பொருளும் அல்ல. 1937-இல் கோயம்புத்தூரில் ஜி. டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து, நம் தேசத்திலேயே முதலாவது என்று போற்றப்படும் மின்சார மோட்டாரைச் செய்தார்கள். சென்னைப் பாடியில் 1961-இல் தோன்றிய லூகாஸ் டி.வி.எஸ். தொழிற்சாலை, வண்டிகளுக்கு வேண்டிய மின்சாரக் கருவிகளை இங்கேயே செய்யலாயிற்று. ஹெரால்டு பிறந்த வருஷமும் அதுவேதான். ஒரே ஊரில் ஒரே வருஷத்தில் பிறந்தவர்கள், கொஞ்சம் தாமதமாக ஒரே வண்டியில் சந்தித்துக்கொள்கிறார்கள் என்று தகப்பனாரிடம் சொல்லிப் பார்க்கலாம்.

முடிவாக ஒன்று. விசிறி வைத்த பிறகு, சாவி திருப்பியிருக்கும் வரையில் அது எந்தக் கணத்திலும் தானாகச் சுழல ஆரம்பித்துவிடும். எஞ்சின் நின்றிருக்கிறதே என்று நம்பி, முன்மூடியைத் திறந்ததும் கையை நீட்ட வேண்டாம். மேல்துண்டின் நுனிக்கும் புடவைத் தலைப்புக்கும் அது விதிவிலக்கு அளிக்காது. சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட பிறகே குனிந்து பாருங்கள். வண்டி கொதிக்காமல் இருப்பது நல்லது; அதைப் பார்த்துக்கொள்ளும் விரல்கள் பத்தும் பத்தாகவே இருப்பது அதைவிட நல்லது.